பெரிய வேட்டை மீன்கள் குறைந்தால் பவளப்பாறைக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸின் தமிழ்ச் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பவளப்பாறை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டு, அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிவைத்துத் தொகுத்தேன். நம் தீவில் மீன்களின் பெயர்கள் பெரும்பாலும் கிரியோலிலேயே வழங்குவதால், தமிழ்ப் பெயரோடு அதையும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வருபவை முன்னால் சொன்னதைப் படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

வேட்டை மீன் என்றால் சுறாவைத்தானே சொல்கிறீர்கள்?

சுறா அவற்றுள் ஒன்று மட்டுமே. பவளப்பாறையில் பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய உயிர்களில் சாம்பல் பாறைச் சுறா, கருமுனைச் சுறா, வெண்முனைச் சுறா ஆகியவற்றோடு, வியேய் எனப்படும் களவா, காராங் எனப்படும் பாரை, சீலா, அஞ்சாலை ஆகியவையும் அடங்கும். அவற்றுக்கு அடுத்த நிலையில், நண்டு, சங்கு, முள்ளெலி (உருண்டை உடலெங்கும் முள் கொண்ட கடலடி உயிர்) போன்றவற்றையும் சிறு மீன்களையும் தின்னும் நடுத்தர வேட்டையாளர்கள் இருக்கின்றன. கப்பித்தேன், டாம் பெரி என்று நாம் வாங்கும் விளைமீன்களும், கெட்டியான பற்களால் ஓடுகளை உடைக்கும் கிளாத்தியும் இந்த நிலையைச் சேர்ந்தவை. அதற்கும் கீழே, பாறையின்மேல் வளரும் பாசியை மேய்கிற கத்தோ எனப்படும் கிளிமீனும் கொர்தொன்யே எனப்படும் ஓராவும் வருகின்றன.

இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே கூர்மையான எல்லை கிடையாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பெரும் பவளப்பாறையில் மீன்களின் உடற்திசுக்களை ஆராய்ந்தவர்கள், பாறையோடு ஒட்டி வாழும் சிறிய சுறாக்களும் பெரிய களவாக்களும் உணவு வரிசையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதாகக் கண்டார்கள். அவற்றுக்கு மேலே இருப்பவை புலிச் சுறாவைப் போன்ற, ஓரிடத்தில் தங்காத பெரிய சுறாக்களே. சுறாவின் இடத்தைக் களவா எவ்வளவு நிரப்பும் என்ற கேள்வி பின்னால் வரும்போது இது உதவும்.

நம் லகூனில் சுறாவைப் பார்த்தவர்களே அரிது. இல்லாததைப் பற்றி எதற்குக் கவலைப்பட வேண்டும்?

நம் தீவைச் சுற்றிச் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளப்பாறை வளையமாக நிற்கிறது. அதற்கு உட்பட்ட ஆழமற்ற லகூனில் பெரிய சுறாக்கள் வழக்கமாகத் தங்குவதில்லை. எனவே லகூனைப் பொறுத்தவரை சுறாவைவிடக் களவாவும் விளைமீனும் பாரையும்தான் முதன்மையான வேட்டையாளர்கள். அவை குறைந்துவருவதை மாஹேபூரிலோ கிராங் கோபிலோ கரைக்கு வரும் படகுகளில் கிடக்கும் மீன்களின் அளவே காட்டிவிடும். பாறைக்கு வெளியேயும், வடக்கே சேன் பிராண்டன் தீவுக்கூட்டத்திலும், சாயா தெ மல்யா என்னும் கடலடி மேட்டிலும் சுறாக்களுக்குத் தனி இடம் உண்டு. அந்தக் கடற்பரப்பும் நாம் மீன் எடுக்கும் பரப்புதான்.

பெரிய மீன் குறைந்தால் சின்ன மீன் பெருகுமே, அது மீனவருக்கு நல்லதுதானே?

தாளில் எழுதிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தின்பவர் குறைந்தால் தின்னப்படுவது பெருக வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் மனிதர்கள் பெரிய மீனை மட்டும் எடுத்துவிட்டுச் சிறிய மீனை விட்டுவைப்பதில்லை. கஸ்யே என்னும் மூங்கில் கூட்டிலும் வலையிலும் தூண்டிலிலும் களவாவோடு சேர்ந்து விளைமீனும் கிளிமீனும் ஓராவும் வந்துவிடுகின்றன. வேட்டையாளர் குறைந்ததால் பெருகியிருக்க வேண்டிய மீன்களை மீன்பிடியே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ஆகவே எதிரி இல்லாமல் உண்மையில் பெருகுபவை யாரும் வாங்காத, யாரும் சமைக்காத உயிர்களே. சிறிய பாறை முள்ளெலி, பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீன், பாசியைப் பயிர்போல வளர்த்துக் காவல் காக்கும் சிறு மீன்கள் ஆகியவற்றை இந்த வகையில் சேர்க்கலாம். இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பின்வரும் விடைகளில் பல இதன்மேல்தான் நிற்கின்றன.

சுறா அழிந்தால் பவளமும் அழிந்துவிடும் என்று என் மகன் பள்ளியிலிருந்து கேட்டு வந்தான். அது நிரூபிக்கப்பட்டதா?

பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை இப்படிப் போகும்: சுறா குறைகிறது, அதனால் நடுத்தர வேட்டை மீன் பெருகுகிறது, அது மேயும் மீன்களைத் தின்றுவிடுகிறது, மேய்வார் இல்லாமல் பாசி வளர்ந்து பவளத்தை மூடுகிறது. இதற்கு ஆதரவான சான்று ஒன்று 2013இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே, 1974ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி இந்தோனேசிய மீனவர்கள் மீன்பிடிக்கும் ஸ்காட் பாறையையும், மீன்பிடி இல்லாத ரௌலி ஷோல்ஸ் பாறைகளையும் ஒப்பிட்டவர்கள், சுறா குறைந்த இடத்தில் நடுத்தர வேட்டை மீன்கள் மிகுந்தும் மேயும் மீன்கள் குறைந்தும் இருப்பதைக் கண்டார்கள்.

ஆனால் கிரேட் பேரியர் ரீஃபில் மீன்பிடி அனுமதிக்கப்பட்ட பகுதிகளையும் தடைசெய்யப்பட்ட பகுதிகளையும் ஒப்பிட்டவர்களுக்கு அத்தகைய தெளிவான சங்கிலி கிடைக்கவில்லை. 2016இல் இத்துறையின் ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்டவர்களும், பாறைச் சுறாவிலிருந்து பவளம் வரை நீளும் சங்கிலிக்கான சான்று மெலிந்தது என்றே எழுதினார்கள். பவளப்பாறையில் ஒவ்வொரு வேட்டையாளரும் பல வகை இரைகளைத் தின்கிறது. ஒன்று குறைந்தால் மற்றொன்று அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறது. சுறா போனதால் பாறையின் மீன் கூட்டம் மாறுகிறது என்று சொல்வதில் தவறில்லை. சுறா போனால் பவளம் செத்துவிடும் என்று வகுப்பில் சொல்வது சான்றை மீறிய பேச்சு. நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் அது மீறல்தான்.

அப்படியானால் வேட்டை மீன் குறைந்து பவளம் கெட்டதற்கு உறுதியான எடுத்துக்காட்டே இல்லையா?

இருக்கிறது, அதுவும் நம் பெருங்கடலிலேயே. கென்யாவின் கரையோரப் பாறைகளில் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகள், ஆரஞ்சுக் கோடுகளுடைய ஒரு கிளாத்தி மீன்தான் அங்கே முள்ளெலிகளின் முதன்மையான எதிரி என்று காட்டியுள்ளன. அதைப் பிடித்துத் தீர்த்த பாறைகளில் முள்ளெலிகள் பெருமளவு பெருகின. முள்ளெலி பாசியைச் சுரண்டித் தின்னும்போது அடியிலுள்ள சுண்ணாம்பையும் சேர்த்தே சுரண்டுகிறது. அதன் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டும்போது பாறை வளரும் வேகத்தைவிட அரிக்கப்படும் வேகம் கூடிவிடுகிறது. மேயும் மீன்களுக்கு மிஞ்ச வேண்டிய பாசியையும் அதுவே தின்றுவிடுவதால், மீன் திரும்பி வருவதும் கடினமாகிறது. 1968இலேயே பாதுகாக்கப்பட்ட மாலிந்தி, வாதாமு கடற்பூங்காக்களில் கிளாத்தி நிறைந்தும் முள்ளெலி குறைந்தும் இருப்பதை மீன்பிடி நடக்கும் அண்டைப் பாறைகளோடு ஒப்பிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

கிளாத்தியைப் பெரிய வேட்டை மீன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு முழங்கைக்கும் குறைவான நீளமுடையது. ஆயினும் மிக உறுதியான சான்று அதனிடமிருந்துதான் கிடைக்கிறது. முள்ளெலியைத் தின்னத் தெரிந்த மீன்கள் சில மட்டுமே என்பதால், அதன் வேலையை வேறு எதுவும் எளிதில் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. உருவத்தின் அளவைவிட, அந்த வேலைக்கு மாற்று ஆள் உண்டா என்பதே இங்கே முக்கியம்.

முள்ளெலி பாசியைத் தின்கிறது என்றால் அது பவளத்துக்கு நண்பன்தானே? கரீபியனில் முள்ளெலி செத்ததால்தான் பவளம் போனது என்கிறார்களே?

இரண்டுமே உண்மை. 1983இல் கரீபியன் கடலில் நெடிய முட்களைக் கொண்ட கருப்பு முள்ளெலி ஒரு நோயால் பெருவாரியாக மடிந்தது. ஜமைக்கா போன்ற இடங்களில் கிளிமீன்கள் முன்பே பிடித்துத் தீர்க்கப்பட்டிருந்ததால், பாசியை மேய அதன்பின் யாரும் மிஞ்சவில்லை, பவளம் பாசிக்குள் மூழ்கியது. அங்கே முள்ளெலி கடைசிக் காவலாக இருந்தது. கென்யாவிலோ அது கட்டுப்பாடின்றிப் பெருகியதுதான் தொல்லை. அளவோடு இருக்கும் முள்ளெலி மேய்கிறது. மிகுந்துபோனால் பாறையையே அரிக்கிறது. அந்த அளவைக் காப்பதுதான் வேட்டை மீனின் வேலை.

பவளத்தைத் தின்னும் அந்த முள் நட்சத்திரமீனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று நம்பப் போதிய காரணம் இருக்கிறது. ஃபிஜியில் 13 தீவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. மீன்பிடி மிகுந்த தீவுகளில் வேட்டை மீன்களின் அடர்த்தி குறையக் குறைய, முட்கிரீட நட்சத்திரமீன் ஆயிரம் மடங்கு அளவுக்குக் கூடியும், பவளம் குறைந்தும் இருந்தன. கிரேட் பேரியர் ரீஃபிலும் மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதிகளில் இதன் பெருக்கம் குறைவு என்று பதிவாகியுள்ளது; விளைமீன்கள் குஞ்சு நட்சத்திரமீன்களைத் தின்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதோடு நிலத்திலிருந்து வரும் உரச்சத்து, நட்சத்திரமீனின் லார்வாக்களுக்கு உணவாகும் மிதவை நுண்பாசியைப் பெருக்குவதும் பெருக்கத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவதால், பழி முழுவதையும் மீன்பிடியின்மேல் போட முடியாது.

சுறா எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றினாலே பாறை மாறும் என்று படித்தேன். அது எப்படி முடியும்?

அச்சத்தால் முடியும். வேட்டையாளர் வரக்கூடிய இடத்தில் மேயும் மீன் குறைந்த நேரமே தங்கும், மறைவிடத்தை விட்டு அதிக தூரம் போகாது. ஃபிஜியின் ஒரு பாறையில் 2017இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கடல் ஏறும் நேரத்தில் சுறாக்கள் வந்து வேட்டையாடும் ஆழமற்ற பகுதியை மேயும் மீன்கள் தவிர்த்தன, அதனால் அங்கே கடற்பாசி தழைத்திருந்தது.

இந்தச் செய்தியில் ஒரு முரண் இருப்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடக் கதைப்படி சுறா இருந்தால் பாசி குறைய வேண்டும். இங்கே சுறா வரும் இடத்தில் பாசி கூடியிருக்கிறது. வேட்டையாளர் இருந்தாலே பவளத்துக்கு எங்கும் எப்போதும் நன்மை என்று சொல்ல முடியாது. பாறையின் எந்த மூலையில் மேய்ச்சல் நடக்க வேண்டும், எந்த மூலையில் நடக்கக்கூடாது என்பதை வேட்டையாளர் வரையறுக்கிறது. அந்த வரைபடம் அழிந்துபோவதும் ஓர் இழப்பே.

சாகோஸில் பல ஆண்டுகளாக மக்களே இல்லை. அங்கேயும் சுறா குறைந்தது எப்படி?

நமக்கு வடகிழக்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்களை 1968க்கும் 1973க்கும் இடையே பிரிட்டிஷ் அரசு அவர்களின் தீவுகளிலிருந்து அகற்றியது. அவர்களில் பலர் இன்று நம் நடுவே வாழ்கிறார்கள் என்பதை மறந்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. கரையில் மீனவர் இல்லாவிட்டாலும் கடலில் படகுகள் வந்துகொண்டிருந்தன. 1970களில் அங்கே முழுகிய ஆய்வாளர்கள் ஒவ்வொரு முழுக்கிலும் சராசரியாக நான்கு சுறாக்களைக் கண்டிருந்த இடத்தில், 2006இல் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. வீழ்ச்சி 90 சதவீதத்தைத் தாண்டியது. துடுப்புக்காகச் சுறாவைத் தேடி இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் அனுமதியின்றி வந்த படகுகளின் பங்கு இதில் பெரிது. நம் இனத்தாரும் அதில் உண்டு என்பதால் இதை விட்டுவிட்டு எழுத மனம் ஒப்பவில்லை.

2010இல் பிரிட்டன் அங்கே ஏறத்தாழ 6,40,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பை மீன்பிடி இல்லாத பகுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பு மொரீஷியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்யப்பட்டது என்று 2015இல் அனைத்துலக நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அந்த அறிவிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்பதும், சுறாக்களுக்குப் பாதுகாப்புத் தேவை என்பதும் தனித்தனிச் செய்திகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுக்க முடியாது.

சுறா குறைவது நம் பக்கத்தில் மட்டும் நடக்கிறதா?

உலகெங்கும் நடக்கிறது. 58 நாடுகளின் 371 பவளப்பாறைகளில் இரை கட்டிய கேமராக்களை இறக்கி எடுத்த கணக்கு 2020இல் வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாறையில் ஒரு சுறாகூடப் பதிவாகவில்லை. கென்யாவும் அப்படிச் சுறா அரிதாகிப்போன நாடுகளில் ஒன்று. அதே கணக்கின் தொடர்ச்சி 2023இல், பாறைச் சுறாக்களின் முக்கியமான ஐந்து வகைகள் 60 முதல் 73 சதவீதம் வரை குறைந்துள்ளன என்று மதிப்பிட்டது.

சர்க்கரைத் தோட்டத்து உரமும் ஹோட்டல் கழிவும் கடல் சூடேறுவதும்தான் பவளத்தைக் கொல்கின்றன. மீனவர்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?

பழி போடவில்லை, நீங்கள் சொல்லும் வரிசையை நானும் ஒப்புக்கொள்கிறேன். வெப்பம்தான் முதல் எதிரி. 1998இல் கடல் சூடேறியபோது செஷல்ஸ் தீவுகளின் உள்பாறைகள் பவளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இழந்தன. சுறா நிறைந்த பாறையையும் வெப்பம் விட்டுவைக்காது. சாகோஸின் பாறைகள் 1998இல் வெளுத்து (சூட்டில் பவளம் தனக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசியை இழப்பதே வெளுப்பு), பத்து ஆண்டுகளுக்குள் நன்றாகத் தேறி, 2015–16இல் மீண்டும் சரிந்தன.

மீன்கள் கணக்கில் வருவது வெளுத்ததற்குப் பிறகுதான். செஷல்ஸில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 21 பாறைகளில் 12 தேறின, 9 பாசிக்காடாகிவிட்டன. ஆழம், பாறையின் மேடுபள்ளம், குஞ்சுப் பவளங்களின் எண்ணிக்கை, மேயும் மீன்களின் அளவு, உரச்சத்து ஆகியவையே எது தேறும் என்பதைத் தீர்மானித்தன. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்ததா என்பது தீர்மானிக்கவில்லை. ஆகவே பூங்கா என்று பலகை நட்டுவிட்டுத் தோட்டத்து உரம் லகூனில் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. நம் நாடு 2001இல் லகூன் மணல் அள்ளுவதை நிறுத்தியது. உரச்சத்தின்மேல் அதே உறுதி காட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ரீயூனியனில் சுறாவைக் காப்பாற்றியதால்தானே அத்தனை பேர் செத்தார்கள்?

இதைக் கேட்பவர்களில் பலருக்கு அங்கே உறவினர் இருக்கிறார்கள் என்பதால் கவனமாகவே எழுதுகிறேன். 2011 முதல் 2019 வரை ரீயூனியனில் சுறா தாக்கி 11 பேர் இறந்தார்கள். 2013இல் லகூனுக்கு வெளியே குளிப்பதும் அலைச்சறுக்கும் தடைசெய்யப்பட்டன. 2007இல் மேற்குக் கரையில் அமைந்த கடற்காப்பகம்தான் சுறாவை ஈர்த்தது என்று பலர் குற்றஞ்சாட்டினார்கள்.

தாக்கியவை காளைச் சுறாவும் புலிச் சுறாவும். முதல் விடையில் சொன்ன பாறைச் சுறாக்கள் அல்ல. காளைச் சுறா கலங்கிய நீரையும் ஆற்று முகத்துவாரங்களையும் விரும்புவது, நெடுந்தூரம் உலவுவது. காப்பகமோ சுமார் 35 சதுரக் கிலோமீட்டர் மட்டுமே. மழைநீரோடு வரும் சேறு, கரையோரக் குடியிருப்பின் பெருக்கம், கடலில் இறங்குவோரின் எண்ணிக்கை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. இவற்றை விட்டுவிட்டு ஒரு சிறு காப்பகத்தைச் சுட்டுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மகனை இழந்த குடும்பத்திடம் போய் உணவுச் சங்கிலி பற்றிப் பேசுவதும் முறையாகாது.

உணவு வரிசையில் மேலே போகப் போக உயிர்கள் குறைய வேண்டும். ஆனால் தீண்டப்படாத பாறையில் சுறாதான் அதிகம் என்கிறார்களே, கணக்கு இடிக்கிறதே?

நல்ல கேள்வி, ஆய்வாளர்களே இதில் சில ஆண்டுகள் வாதிட்டார்கள். பசிபிக் கடலின் கிங்மேன் பாறையில் மீன்களின் மொத்த எடையில் 85 சதவீதம் உச்ச வேட்டையாளர்களே என்று 2008இல் எழுதப்பட்டது. பிறகுதான் ஐயம் எழுந்தது: சுறா ஆர்வத்தோடு முழுகுபவரைச் சுற்றி வரும், ஒரே சுறா பலமுறை எண்ணப்படும். அருகிலுள்ள பால்மைராவில் சுறாக்களுக்கு அடையாளம் கட்டி எண்ணியபோது முந்தைய மதிப்பீடு பல மடங்கு குறைந்தது.

மிகைக் கணக்கைக் கழித்த பிறகும் சில இடங்களில் சுறா உண்மையிலேயே அதிகம். பிரெஞ்சுப் பாலினேசியாவின் ஃபகராவா தீவின் தெற்கு வாயிலில் அறுநூறுக்கும் மேற்பட்ட சாம்பல் பாறைச் சுறாக்கள் கூடுகின்றன. அந்த வாயிலின் மீன்கள் அவற்றுக்குப் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடுவதற்காக ஆயிரக்கணக்கான களவாக்கள் வெளியிலிருந்து அங்கே திரள்வதே அவற்றுக்கு விருந்து. களவாவின் அந்தத் திரட்சியை வலைபோட்டு எடுத்துவிட்டால் சுறாவும் குறையும்.

பெரிய களவாவை எடுத்துக்கொண்டு சின்னதை விட்டுவிட்டால் இனம் பெருகாதா?

சின்னதை விடுவது சரி, ஆனால் அது மட்டும் போதாது. களவா இனங்கள் பலவும் பெண்ணாகத் தொடங்கிப் பெரிதான பிறகே ஆணாக மாறுகின்றன. பெரியவற்றை மட்டும் எடுத்தால் ஆண்கள் அற்றுப்போகும். பெரிய பெண் மீன் சிறியதைவிடப் பல மடங்கு முட்டையிடும். பெரிய வேட்டை மீனைத் தின்பதில் உடல்நலக் கேடும் உண்டு: பாறையில் வாழும் ஒரு நுண்ணுயிரின் சிகுவாதெரா நஞ்சு, மேயும் மீனிலிருந்து வேட்டை மீனுக்கு ஏறி அதன் உடலில் சேர்கிறது, சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. நம் நாட்டில் சில மீன்களை விற்கத் தடை இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஊரீத் தடை இரண்டு மாதத்திலேயே பலன் தந்ததே. சுறாவுக்கும் அப்படிச் சில மாதம் தடை விதித்தால் போதாதா?

ரோட்ரிக்ஸில் 2012 முதலும் மொரீஷியஸில் 2016 முதலும் ஊரீத் எனப்படும் பேய்க்கணவாயைப் பிடிக்க ஆண்டுதோறும் தடை வருகிறது. அந்த உயிர் ஓராண்டு அளவே வாழ்வது, வாரக் கணக்கில் எடை கூடுவது. ஆகவே குறுகிய தடை உடனே பயன் தருகிறது. சாம்பல் பாறைச் சுறாவோ பருவமடையவே ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகும். சுமார் ஓராண்டு கருவைச் சுமந்து, ஒன்று முதல் ஆறு குட்டிகளையே ஈனும். மாதக் கணக்கில் விதிக்கும் தடை அதற்குப் பொருளற்றது. பல பத்தாண்டுகள் வேண்டும். கென்யாவில் கிளாத்தி முழுமையாகத் திரும்பவே அப்படித்தான் ஆயிற்று.

வேறு இடத்திலிருந்து சுறாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டால் என்ன?

இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் 2023 முதல் அதைச் செய்து பார்க்கிறார்கள். காட்சியகங்களில் வளரும் சுறாக்களின் முட்டைகளைக் கொண்டுவந்து, பொரித்து, வளர்த்து, கடலில் விடுகிறார்கள். அங்கே விடப்படுவது மனிதரைத் தாக்காத, அடிமணலில் சங்கும் நண்டும் தேடும் ஒரு வரிச்சுறா இனம். பரந்த பரப்பில் முன்கூட்டியே மீன்பிடித் தடையும் காவலும் இருந்ததால்தான் அது பொருளுள்ள முயற்சியாகிறது. அந்த முன்னேற்பாடு இல்லாத கடலில் விட்டால் அவை அடுத்த வலையிலேயே ஏறிவிடும். நம் லகூனுக்கு முதலில் வேண்டியது களவாவும் விளைமீனும் கிளாத்தியும்; அவற்றை எங்கிருந்தும் கொண்டுவரத் தேவையில்லை, இருப்பவற்றில் சிலவற்றை முட்டையிடும் அளவுக்கு வளரவிட்டால் போதும்.